லாச்சப்பலில் வளர்ந்த ஒன்பது அங்குலம்

அன்பும் மதிப்பும் மிக்க அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

மூன்று மாதமாக அறை தேடி அலைந்தேன். போன கிழமை இங்கே பாரிஸில், எங்கள் ஆட்கள் கூடும் லாச்சப்பல் தேநீர்க் கடையொன்றில் பழைய கல்லூரிக் கூடைப்பந்து நெட்டையர்களைப் பற்றி வாதம் நடந்தது.

"லைற்போஸ்ற் மகாலிங்கம் ஆறடி ஏழு. துள்ளாமலே பந்தைக் கூடைக்குள்ளை வைப்பார்," என்றார் அங்கே இருந்த கனகசுந்தரம் என்ற அண்ணை.

அவர் என் அப்பா என்றேன். அண்ணை என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"தாயைப் போலை வந்திட்டீர். பாரிசுக்கு வெளியிலை, பொண்டியிலை எங்கடை வீட்டிலை ஒரு அறை இருக்கு, வாரும்."

உங்கள் ஐந்தடி பத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணை கூட்டிய ஒன்பது அங்குலத்தில்தான் இப்போது நிம்மதியாகப் படுக்கிறேன். நன்றி, அப்பா.

ஞாயிறு அண்ணை உங்களோடு வீடியோவில் பேசுவார். கதிரையில் இருந்தே பேசுங்கள். கதவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டாம். அவர் முடித்ததும் வைத்துவிடாதீர்கள், நானும் கொஞ்சம் கதைக்கவேண்டும்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் குள்ள மகன்,
மதுஷன்