சாயம் பிடிக்காத இடம்

இஞ்சாரும் பாக்கியம்,

நீர் ஆசைப்பட்ட சிவப்பு நிலம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இதை முதலில் உமக்குத்தான் சொல்ல வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது நீர் அறிந்ததுதானே. நான் சொல்லச் சொல்ல மகள் வதனி எழுதுகிறாள்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்து சண்டிலிப்பாயில் இந்த வீட்டைக் கட்டியபோது, வெறும் சீமெந்து நிலத்தோடு நிறுத்திவிட்டோம். "மாபிள் வேண்டாம், வழுக்கும். சிவப்பாய் ஒரு நிலம் இருந்தால் வீட்டுக்குள்ளை விளக்கு வைச்ச மாதிரி இருக்கும்" என்றீர். தோட்டத்துப் போயிலை வெட்டு முடிந்து காசு வரட்டும் என்றேன். எத்தனை வெட்டு முடிந்தது? நான் ஏன் செய்யவில்லை?

உம்முடைய ஆண்டுத் திவசம் வருகிறது. அதற்கு முன் முடித்துவிட வேண்டுமென்று, சீமெந்துக்குள் ஊறிப் பிடிக்கும் சாயம் இரண்டு தகரப் பேணி வாங்கி வந்தேன். ஆள் பிடிக்கவில்லை. நானே கூட்டிக் கழுவிக் காயவிட்டு, உள்மூலையிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து பூசினேன். முழங்கால் இரண்டும் கெஞ்சின. பேணியில் என்னவோ எழுதியிருந்தது. நீர் இருந்தால் வாசித்துச் சொல்லியிருப்பீர்.

காய்ந்ததும் பார்த்தால் செங்கல் நிறம், நல்ல வடிவு. நீர் சமைத்த குசினியின் வாசலண்டை மட்டும் தோசைக்கல் அளவில் ஒரு வட்டம் கறுத்துக் கிடந்தது. திரும்பவும் பூசினேன். சேம்பிலையில் விழுந்த தண்ணீர்போலச் சாயம் திரண்டு நின்றது.

அடுத்தநாள் இணுவிலிலிருந்து வதனி வந்தாள்.

"என்னப்பா இது, மாடு நக்கின மாதிரி? பேணியிலை என்ன எழுதிக் கிடக்குது எண்டு பாத்தனீங்களோ?"

"எனக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தால் கொம்மாவை ஏன் கட்டினனான்?"

சிரித்துவிட்டு அவளே வாசித்தாள். எண்ணெய் ஊறின இடத்தில் சாயம் பிடிக்காதாம். சவர்க்காரத் தூள் போட்டு நன்றாக உரஞ்சிய பிறகுதான் பூச வேண்டுமாம்.

"உதிலை என்னெண்டப்பா எண்ணெய் வந்தது? அடுப்பு உள்ளுக்கெல்லோ கிடக்கு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மத்தியானம் சோறு தந்துவிட்டு, வாசல் காற்றுக்கு நீர் அதிலேதான் சரிவீர். தலையணை சுடுகிறதென்று வெறும் நிலத்தில் தலை வைப்பீர். எந்நாளும் தலை நிறையத் தேங்காயெண்ணெய். நிலம் பழுதாகுதென்று நான் எத்தனை நாள் கத்தியிருப்பேன்!

வதனி சவர்க்காரத் தூளும் தும்புக்கட்டையுமாய் உரஞ்சக் குந்திவிட்டாள். நான் கட்டையைப் பறித்தேன்.

"விடு பிள்ளை. அது கிடக்கட்டும்."

"திவசத்துக்குச் சனம் வரப்போகுதப்பா. கிழவன் கண் தெரியாமல் பூசினது எண்டு பகிடி பண்ணுங்கள்."

"பண்ணட்டும்."

ஏனென்று நான் சொல்லவில்லை. இப்போது இதை எழுதும்போதுதான் அவளுக்கும் தெரியும். பேனையை வைத்துவிட்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, சொல்லுங்கோ, எழுதுறன்" என்றாள்.

நீர் இருந்தால் உரஞ்சத்தான் சொல்லியிருப்பீர், இல்லையா? அரைகுறை வேலை உமக்குப் பிடிக்காது. ஆனால் உம்முடைய சேலைகளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம். சுவரிலுள்ள படம் ஆருடைய கலியாணத்திலோ எடுத்தது. அதில் நீர் என்னைப் பார்க்கவும் இல்லை. நீர் தலை வைத்த இடம் வேறெங்கே இருக்கிறது எனக்கு?

கோபிக்காதையும். நீர் கேட்ட நிலத்தில் ஒரு தலையளவு குறைத்துத்தான் தருகிறேன். நான் இருக்கும்வரை அதை ஒருத்தரும் உரஞ்ச விடமாட்டேன்.

உம்முடைய மனிசன்,
கந்தையா