வலி இருக்குமா என்று கேட்ட குரல்

நேற்று ஆட்டோவில் உன் குரல் கேட்டது, அண்ணா. பெரிய காஞ்சிபுரத்துச் சந்துகள் பழகாத டிரைவர், போனில் வழி போட்டிருந்தார். "வலது பக்கம் திரும்பவும்" என்றது அந்தப் பெண் குரல். கடைசி இரண்டு வருஷம் நீ பேசியது அதே குரலில்தான். இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன்பு உன் சொந்தக் குரலை வாலாஜாபாத் ரோடு முழுக்கத் தெரியும். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "தென்னேரி எறங்கு, தென்னேரி" என்று நீ கொடுக்கும் சத்தத்தில் தூங்குகிறவர்கள்கூட எழுந்துவிடுவார்கள். குரல் கம்மியபோது ரோட்டுத் தூசி என்றாய். கடைசியில் புற்றுநோய் என்று சென்னையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை.

ஆபரேஷனைவிட செக்கப்தான் உன்னைத் தளர்த்தியது. விடியுமுன் பஸ், நாள் முழுக்க வரிசை, டாக்டரிடம் ஐந்து நிமிஷம். வழியில் துளை வழியாக நீ இருமினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து தள்ளிப் போவார். பஸ்ஸிலேயே வாழ்ந்தவன், இனி பஸ் ஏறமாட்டேன் என்று தலையாட்டிவிட்டாய்.

அப்போதுதான் அந்தச் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும், டாக்டர் அங்கிருந்தே வீடியோவில் பார்ப்பார் என்றார்கள். பேச முடியாதவனுக்குப் போனில் என்ன பேச்சு என்று எழுதிக் காட்டினாய். என் மகள்தான் நீ தட்டுவதைப் படித்துச் சொல்லும் ஆப்பை உன் போனில் போட்டாள். அதில் பெண் குரல் மட்டும்தான் இருந்தது. "நல்லாத்தான் இருக்குது மாமா" என்றாள்.

முதல் நாள் டாக்டர், "முழுங்க முடியுதா?" என்று கேட்டார்.

நீ தட்டினாய். "முடிகிறது. இட்லி சாப்பிட்டேன்" என்றது போன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லாதீங்கம்மா. அவரே சொல்லட்டும்."

"நான் வாயே தொறக்கல டாக்டர். எங்க அண்ணன்தான் பேசுறாரு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதன்பின் ஒரு செக்கப்கூட விடவில்லை.

அப்படி ஒரு செக்கப்பில், நர்ஸ் உன் கழுத்தோரம் கேமராவைக் கொண்டுபோனபோது டாக்டர், "அங்க ஒரு கட்டி தெரியுதே" என்றார். ஸ்கேன் எடுக்க மட்டும் சென்னைக்குக் கார் வைத்துப் போய் வந்தோம். முடிவை அவர் வீடியோவிலேயே சொன்னார், மறைக்காமல். நோய் திரும்பி நுரையீரல்வரை போயிருந்தது. இனி குணமாக்க முடியாது.

நீ தட்டினாய். "வலி இருக்குமா?" என்றது அந்தக் குரல், வழி சொல்லும் அதே நிதானத்தில்.

யாரை நினைத்துக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் புற்றுநோயில் போனவள்தான். அவள் அலறலை அடக்க அன்று வீட்டில் எந்த மருந்தும் இல்லை. நாம் இரண்டு பேரும் அடுத்த அறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"வரலாம். வந்தா உடனே சொல்லணும். கொறைக்க மருந்து இருக்குது. வாராவாரம் நானே பார்க்கிறேன்" என்றார் டாக்டர்.

சொன்னபடி பார்த்தார். நீ படுக்கையில் விழுந்த பிறகு நர்ஸ் வீட்டுக்கே வந்து வீடியோ போட்டுக் கொடுத்தாள். வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரை நம் ஊரிலேயே கிடைத்தது. ஒருமுறை வலி இல்லை என்று தட்டினாய். "புருவம் சுருங்குதே. எனக்காகப் பொறுத்துக்க வேணாம்" என்று மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார் டாக்டர். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அசந்து தூங்கினாய்.

நீ போனது ஒரு மதியம். ரெண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தாய். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அழுதேன்தான். அந்த அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அம்மா நினைவு வந்தால் இத்தனை வருஷமும் என் கை தானாகக் காதுக்குப் போகும். இப்போது போவதில்லை. அந்த மதியம்தான் வருகிறது: ஃபேன் ஓடும் சத்தம், விரலில் பூண்டு வாசனை, வலியில்லாமல் தூங்கும் நீ.