அரை அங்குலம் இறக்கம்

மார்ச் 4

பெரிய இடத்துப் பாட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைத்தான் ரேடியோ தினமும் நாலு தடவை பாடுகிறதே. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய பாட்டு கடைத்தெரு முழுக்க ஓடுகிறது. அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி போங்கோ தாளம், விசில், தேய்ந்த இசைத்தட்டின் கரகரப்பு வேறு. மாடிவீட்டுப் பெண் தையல்காரனைக் காதலிக்கிறாளாம். "ஏன்க்கா, அந்தத் தையல்காரன் உங்க வீட்டுக்காரர்தானே? அப்ப அந்தப் பொண்ணு யாரு?" என்று பக்கத்துப் பியூட்டி பார்லர்க்காரி கேட்கிறாள். அவளுக்கு நீங்களே பதில் எழுதுங்கள்.

பாடுகிறவள் யாரென்று எனக்குத் தெரியாதா? டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளவெடுக்கப் போவீர்களே, அந்த பங்களா வீட்டு மகள். "மாஸ்டர், எனக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுங்க" என்றாள். வெட்டின துணியை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் பட்டணத்துக்கு ஓடினீர்கள். பத்து நாள் என்றீர்கள். இரண்டு மாதம் ஆகிறது.

அதுகூடப் போகட்டும். அதென்ன வரி?

"இடத்தோளு அரையங்குலம் இறக்கம் - அதில்
தலைசாஞ்சா என் ராசாவுக்கு உறக்கம்."

வயிறு பற்றி எரிகிறது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் என் தோளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதுண்டா? அவள் தோளில் எப்போது சாய்ந்தீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் காஜா எடுத்து, பட்டன் வைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள்

மார்ச் 11

என் அருமைக் கோபக்காரிக்கு,

அடிப்பாவி, பாட்டுக்குப் போய் இவ்வளவு ஆத்திரமா? மாடிவீடு இல்லாமல் அந்தக் காலத்துக் காதல் பாட்டு ஏது? தையல்காரனும் காஜாக்காரியும் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள் என்று எழுதினால் எவன் விசிலடிப்பான்?

கடை அளவு நோட்டை எடுத்துப் பார். பாடுகிற அந்தம்மாவுக்கு இரண்டு தோளும் சமம். இறக்கம் உனக்குத்தான். முதல் அளவிலேயே கண்டுபிடித்தேன். குறை சொல்வதாக நினைத்து வருத்தப்படுவாயே என்று, உன் பிளவுசுக்கெல்லாம் அந்தப் பக்கம் மட்டும் உள்ளே ஒரு பட்டை கூடுதலாக வைத்துத் தைத்தேன்.

இன்னொரு பாட்டு இருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன்.

உன்னவன்

மார்ச் 19

அன்புள்ளவருக்கு,

நோட்டைப் பார்த்தேன். என் பிளவுஸ் ஒன்றைப் பிரித்தும் பார்த்தேன். பட்டை இருந்தது. கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அப்புறம் ரேடியோவில் அவள் வந்தாள். என் தோளை அவள் தோளாக்கிக் குழைந்து குழைந்து பாடுகிறாள். சந்தேகப்பட்டபோதுகூட இவ்வளவு எரியவில்லை. அளவு என்னுடையது, உடுப்பு அவளுக்கா? எனக்குச் சொல்லக் கூசின வாய், ஊருக்கெல்லாம் அவளை விட்டுச் சொல்ல மட்டும் கூசவில்லையா?

நேற்று எதிர்ச்சாரியில் புதிதாக வந்திருக்கும் கடைக்குப் போய் பிளவுசுக்கு அளவு கொடுத்தேன். டேப்பை வைத்ததுமே மாஸ்டர், "இடத்தோள் கொஞ்சம் இறக்கம்ங்க. ஆனா அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு" என்றார். வாயைத் திறந்து, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பிளவுஸ் தயாராகிவிடும். நீங்கள் நிதானமாக இன்னொரு பாட்டை முடித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தோள் இறங்கியவள்

மார்ச் 22

அடியே,

யார் அந்த மாஸ்டர்? வயசு என்ன? அழகு என்று சொல்ல அவன் யார்?

பாட்டு பாதியில் நிற்கிறது. அந்தம்மா கத்துகிறார், கத்தட்டும். பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் இதை எழுதுகிறேன். கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன், இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை.

உன் தோள் அழகுதான். பதினொரு வருஷமாக அழகுதான். அந்த பிளவுசை மட்டும் நீ போய் வாங்காதே. நான் வாங்கிக்கொள்கிறேன்.