எதிர் சீட்டு டாக்டர்

ஜூன் 19

அன்புள்ள டாக்டர் தம்பி அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீங்களும் நலமாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரயிலில் எதிர் சீட்டில் வந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், நீங்கள் எழுதிக் கொடுத்த ஹாஸ்டல் முகவரிக்கு எழுதுகிறேன். ரயில் வேகம் எடுத்தபோதெல்லாம் இல்லாத பிரேக்கைத் தேடி உங்கள் காலை மிதித்தேனே, அந்த ஆள்தான். இருபத்தைந்து வருடத் தொழில் புத்தி, மன்னியுங்கள்.

இறங்குவதற்கு முன் தயங்கித் தயங்கி உங்களிடம் ஒன்று கேட்டேன். என் மனைவிக்கு மார்பில் பட்டாணி அளவு கட்டி. பெற்ற மகளிடம்கூட அவள் சொல்லவில்லை. வலிக்கிறதா என்று விசாரித்தீர்கள். இல்லை என்றேன். "வலி இல்லன்னா பயப்பட ஒண்ணுமில்ல சார், வெறும் கொழுப்புக் கட்டிதான்" என்றீர்கள். என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள் தம்பி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் முகமே மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாள் வாங்கி வைத்திருந்தோம். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இப்போது கட்டி கொஞ்சம் பெரிதானது போல இருக்கிறது என்கிறாள். வலி மட்டும் சுத்தமாக இல்லை. கொழுப்புக் கட்டி வளருமா? படிப்புக்கு நடுவே நேரம் கிடைத்தால் ஒரு வரி எழுதுங்கள். அவசரமில்லை.

நன்றியுடன்,
மாஸ்டர்

ஜூன் 23

மாஸ்டர் அவர்களுக்கு,

மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்றே. வலி இல்லை என்பதால் சும்மா இருந்துவிடக் கூடாது.

நான் மருத்துவம் படிக்கவில்லை சார். புள்ளியியல் முதல் வருடம். மருத்துவ நுழைவுத் தேர்வை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் மண்ணைக் கவ்வியவன். என் மடியில் நீங்கள் பார்த்த தடி உயிரியல் புத்தகம் பழைய புத்தகக் கடையில் போடுவதற்காக எடுத்துப் போனது. அதைப் பார்த்து டாக்டருக்குப் படிக்கிறாயா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். இறங்கும்வரை டாக்டராக இருந்து பார்க்கலாம் என்று ஓர் அற்ப ஆசை. உடனே எழுந்து ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தீர்கள். 'நீ' என்று கூப்பிட்டவர் 'நீங்கள்' என்றீர்கள். அதற்குப் பிறகு உண்மை எப்படி வரும்?

கட்டியைப் பற்றிக் கேட்டபோதாவது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டாக்டருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்து வாய்க்கு வந்ததை உளறினேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் கல்லூரி நர்ஸ் அக்காவிடம் ஓடினேன். அவர் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

கடிதத்தின் தலைப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தார்கள். அவர்கள்தான் என்று புரிந்தது. அவர்களிடமே எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன். அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
எதிர் சீட்டில் வந்தவன்

ஜூலை 10

மாஸ்டர் அவர்களுக்கு,

பதினேழு நாள் ஆகிவிட்டது. அம்மா எப்படி இருக்கிறார்கள்? ஒரே ஒரு வரி போதும். அதுகூட வேண்டாம், திட்டியாவது எழுதுங்கள். தபால்காரர் வரும் நேரத்துக்குத் தினமும் வாசலில் போய் நிற்கிறேன்.

இப்படிக்கு,
அதே பாவி

ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தைப் படித்த நேரத்தில் நீ என் கையில் சிக்கியிருந்தால் தோலை உரித்திருப்பேன். வண்டி பழக வந்த பெண்ணை அப்படியே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

புற்றுநோய்தான். ஆபரேஷன் முடிந்தது, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இனி ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். அடித்துச் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். உன்னைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பயந்துட்டேன் டாக்டர்" என்றுதான் வந்தது.

யோசித்துப் பார்த்தேன் தம்பி. எங்கள் தெருவிலேயே, இரண்டு கட்டிடம் தள்ளி, ஒரு டாக்டர் இருக்கிறார். அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவனே நான்தான். அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அவர் வாசலைப் பார்க்காமல் போய் வந்துகொண்டிருந்தேன். மீசை சரியாக முளைக்காத உன்னிடம் ரயிலில் கேட்டேன். எனக்கு ஒரு நல்ல வார்த்தை வேண்டியிருந்தது, நீ கொடுத்தாய். உன் பொய்யில் பாதி என்னுடையது.

உன் கடிதங்களை அவளிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அன்றைக்குப் போனில் பேசாமல் வைத்தது நீயா என்று மட்டும் கேட்டாள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை அவளால் இன்னும் தூக்க முடியவில்லை. நான்தான் தலை பின்னிவிடுகிறேன். மருந்து ஏற்றினால் முடி கொட்டிவிடுமாம், அதுவரைக்கும் என் கோணல் பின்னலோடு இருக்கிறாள். மகள் பார்த்துச் சிரிக்கிறாள், சிரித்துவிட்டு உள்ளே போய் அழுகிறாள்.

உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அவளிடம் என்ன வேண்டுமானாலும் பேசு. என்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்காதே. நீ கேட்டால் நானும் அவளிடம் கேட்டாக வேண்டும். இன்னும் கேட்கவில்லை.

மாஸ்டர்