டிகாக்ஷன் இறங்குகிற வரைக்கும்

உன் பித்தளை ஃபில்டர் இப்போது என் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்னை வங்காளி வழக்கப்படி சித்தப்பா என்று கூப்பிடும் உன் மகள் காலையில் கொண்டுவந்தாள். "காகு, பாபாவோட டூர் பேக்லே இருந்தது. அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னா" என்றாள். மூடியைத் திறந்தேன். சிக்கரி வாசனையோடு லேசாகப் பெட்ரோலும் மணத்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான்.

இந்தச் சனியனால்தானே எல்லாம்!

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் லேக் மார்க்கெட்டில் இதே காபிப்பொடிக் கடையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! நீ, நான், உன் துறைமுக ஆபீஸ் சிநேகிதர்கள் பாப்லு, மிஹிர். ஹவுராவில் நாலு மோட்டார் சைக்கிள்களிலும் பெட்ரோலை வடித்து, சாக்கில் சுற்றி, ரயிலேற்றி, மலையடிவாரத்தில் இறக்கி ஓட்டத் தொடங்கியபோது தொண்ணூறுகளே முடியப்போயின. "அந்தக் கடைசிக் கணவாய்ல ஒரு தடவ நின்னுட்டா போதும்டா. அப்புறம் ஆபீஸ்ல எவன் திட்டினாலும் சிரிச்சுண்டே இருப்பேன்" என்பாய்.

ஆனால் ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்னாலும் உனக்கு ஃபில்டர் காபி வேண்டும். வழியெல்லாம் டீ கிடைத்தது. குடிக்க மாட்டாய். நீ கேட்டாயே என்று பொடியை நைசாக அரைத்துக் கொடுத்தவன் நான்தான். அது போய் ஃபில்டரின் கண்ணை அடைத்துக்கொண்டது. அந்த உயரத்தில் தண்ணீர் கொதித்தும் சூடு போதாது. முதல் கணவாயில் அரை மணி நேரம் போயிற்று. இரண்டாவதில் ஒரு மணி நேரம்.

கடைசிக் கணவாய்க்குக் கீழே இருந்த டீக்கூடாரக்காரர் தெளிவாகத்தான் சொன்னார்: பதினோரு மணிக்குள் ஓடையைத் தாண்டிவிடுங்கள், வெயில் ஏறினால் பனி உருகித் தண்ணீர் பெருகிவிடும். நீ நிதானமாக ஸ்டவ்வைப் பற்றவைத்தாய். "தாதா, சோலுன்" என்று, கிளம்பச் சொல்லிப் பாப்லு கெஞ்சினான். "இருடா, இப்ப இறங்கிடும்" என்று ஃபில்டரின் தலையில் தட்டினாய். பத்தேமுக்கால். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நீ காபியையே கட்டிண்டு அழு" என்று கத்திவிட்டு, நான் மட்டும் வண்டியை எடுத்தேன். முழங்கால் நனைய ஓடையைத் தாண்டி உச்சிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது ஓடை ஆறாகியிருந்தது. அந்தக் கரையில் நீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாய். எனக்காக எடுத்துவைத்த காபி. தண்ணீர் இரைச்சலில் நீ சொன்னது எதுவும் கேட்கவில்லை. நான் இந்தக் கரையிலேயே சாலைப் பணியாளர்களின் கூடாரத்தில் படுத்துக்கொண்டேன். விடிவதற்குள் மேலே பனி கொட்டிக் கணவாயை மூடிவிட்டார்கள். உங்கள் மூவருக்கும் லீவும் முடிந்துவிட்டது.

தண்ணீர் வடிந்து காலையில் நான் உங்கள் பக்கம் வந்ததும் நீ என்னைத் திட்டியிருக்க வேண்டும். ஆறிப்போன காபியை நீட்டி, "மேல எப்படிடா இருந்தது?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணும் தெரியலடா. ஒரே மேகம்" என்றேன்.

நீ அதை அப்படியே நம்பித் தொலைத்தாய். அடுத்த வருஷம் பாப்லு மறுபடியும் கூப்பிட்டபோது, "மேல ஒண்ணும் இல்லப்பா, இவன்தான் பாத்துட்டானே, வெறும் மேகம்" என்று சிரித்தாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அப்புறமும் எத்தனை வருஷம் இதே கடைக்குப் பொடி வாங்க வந்தாய். ஒரு நாளாவது என்னை மடக்கிக் கேட்டிருக்கக் கூடாதா? கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நர்ஸிடம் அந்த மேகக் கதையைத்தானே சொன்னாய்.

இன்று உன் மகளும் கேட்டாள்: "மேலே நெஜமாவே ஒண்ணும் இல்லையா காகு?" உண்மையைச் சொன்னேன். "அப்போ பாபாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள். நான் ஃபில்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் போய்விட்டாள்.

இனி இந்த ஃபில்டரும் என்னிடம்தான், அந்தப் பகலும் என்னிடம்தான். உன்னிடம் சொல்ல வேண்டியதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மேகமே இல்லைடா. கண் எட்டுகிற வரை மலை மலையாகத் தெரிந்தது. நாம் ஏறிவந்த சாலை முழுக்கத் தெரிந்தது. கீழே அந்தக் கூடாரமும், அதன் வாசலில் உங்கள் மூன்று வண்டிகளும் தெரிந்தன. சிவப்புப் பை கட்டிய உன் வண்டி எது என்றுகூடத் தெரிந்தது.