பறக்க அனுமதி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நீ போயிருக்கும் சுரங்கப் பக்கம் வெயில் கொளுத்துகிறது என்று போன ஞாயிறு சொன்னாய். தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் நிறையக் குடி. நான் இருக்கிறேன். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை என்பதைத் தவிர உடம்பில் சொல்லும்படி குறை இல்லை. காலையில் கூடத்தில் நாலு நடை, சாயங்காலம் நாலு நடை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு. நான் விழுந்துவிடுவேனோ என்று சின்னவன் கையை நீட்டியபடி பின்னாலேயே வருகிறான்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறான். இது அவன் காதில் விழக்கூடாத விஷயம். இப்போது ஜாமீன் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் எழுதி, ஒட்டி, எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ட்ரோன் விதிமீறல்களைப் பார்க்கிற அந்தப் பெண் அதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். சின்னவனிடமிருந்து பிடித்த ட்ரோனைப் பற்றிய வழக்கில் வீட்டுக்காரர் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டுமாம். மரியாதையான பெண். என் காலைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார். கிளம்பும்போது ஏதோ சொல்ல வந்து நிறுத்தி, பிறகு சொன்னார். "உங்க சின்னப் பையன் அந்தச் சனிக்கிழமை வந்து என் கால்ல விழுந்தார் சார். ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க, திருப்பிக் கொண்டாந்து குடுத்துடறேன்னு அழுதார். சீல் வெச்ச பொருள், கோர்ட் சொல்லாம நான் தொட முடியாது. எனக்கும் அம்மா இருக்காங்க சார்." நான் பரவாயில்லை என்றேன்.

அவர் கொடுத்துவிட்டுப் போன காகிதங்களில் புகாரின் நகலும் இருந்தது. பதிவு செய்யாத ட்ரோன், இருநூற்றைம்பது கிராமுக்கு மேல் எடை, ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் கிடையாது, சிறு விமானத் தளத்தின் எல்லைக்குள் வீடுகளுக்கு மேல் பறக்கவிடுகிறார், வெள்ளிக்கிழமை பகலில் விளையாட்டு மைதானத்துக்கு வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். நல்ல தெளிவான புகார். புகார் கொடுத்தவர் பெயரைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். அதற்கடியில், புகார்தாரரும் சான்றிதழ் பெற்ற ட்ரோன் ஓட்டுநர் என்று எழுதி ஓர் எண்ணைப் போட்டிருந்தது. அதை அடிக்க மறந்துவிட்டார்கள்.

அந்த எண்ணுக்காக நான் எங்கேயும் அலையவில்லை. உன் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியது நான்தானே. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தினேன். பதினொரு எழுத்தும் எண்ணும். மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன்.

நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புது விதி வந்தபோது நீ மூன்று மாதம் வகுப்புக்குப் போனாய், பரீட்சை எழுதினாய், கண் பரிசோதனை, இன்ஷூரன்ஸ், பதிவு என்று ஒவ்வொரு ஜன்னலாக நின்றாய். இவன் பொறுக்கிய பாகங்களை ஒட்டி ஒன்றைச் செய்துகொண்டு, பொழுதுபோக்குக்குப் பறக்க விடுறவனுக்கு எதுக்குண்ணா பரீட்சை என்று சிரித்தான். நீ வருஷா வருஷம் படம் எடுத்துக்கொண்டிருந்த பள்ளி விளையாட்டு விழாவை நண்பன் கேட்டான் என்று சும்மா எடுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் அந்தப் பள்ளி உன்னைக் கூப்பிடவேயில்லை. உன் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது, "யாராவது அதைப் பிடுங்கிட்டுப் போனாத்தான் இவன் உருப்படுவான்" என்று சொன்னவனும் நான்தான். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். உன் புகாரில் இருப்பது அதற்கு மறுநாள் தேதி. ஆகவே உன்னை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நான் கீழே நிற்கப் போவதில்லை.

இனி எழுதப் போவது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு வந்ததும் உங்கள் இருவரிடமும், அம்மா விழுந்தவுடனே போய்விட்டாள், வலியே தெரிந்திருக்காது என்று சொன்னேன். நீ சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாய். அப்புறம் வந்தவர்களிடமெல்லாம், "அம்மா ஸ்பாட்லயே போயிட்டாங்க, நாங்க முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல" என்று நீ சொன்னதை நான் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சொன்னது பொய். டாக்டருக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். பிரேதப் பரிசோதனை அறிக்கை என் பெட்டியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் டிப்போவில் எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, வெளியே போனது என்று எழுதியவன் நான். அன்றைக்கும் கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். அது உடையவில்லை.

சனிக்கிழமை காலை வழக்கமாக நடக்கும் ஏரிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பழைய கல்குவாரி வழியாகப் போகலாம் என்று சொன்னது நான். ஆறு ஐம்பதுக்கு அம்மாவின் காலடியில் மண் சரிந்தது. பிடிக்கப் போய் நானும் விழுந்தேன். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவளுடையது அவளுக்கு அடியில் சிக்கி நொறுங்கிவிட்டது. என் கால் முறிந்திருந்தது. அவளால் இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. ஆனால் பேசினாள். நன்றாகப் பேசினாள். முதல் பேச்சே, "பாதை மாறிப் போகலாம்னு சொன்னீங்களே, இப்ப திருப்திதானே" என்பதுதான்.

பத்து மணிவரை கத்தினேன், அப்புறம் தொண்டை கட்டிவிட்டது. அவள் பயப்படவேயில்லை. "சின்னவன் அதை மேல அனுப்புவான், நம்மளப் பாத்துடுவான்" என்றாள். முந்தின நாள் அவனிடமிருந்து அதைப் பிடித்துக்கொண்டு போனது எங்களுக்குத் தெரியாது. திட்டுவேன் என்று அவன் வீட்டில் சொல்லவில்லை. மேலேயிருந்து பார்த்தால் மஞ்சள்தான் முதலில் தெரியும் என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தானாம். கழுத்திலிருந்த மஞ்சள் துண்டை உருவிக் கொடுத்து, எதிரே இருந்த புதரின் மேல் விரிக்கச் சொன்னாள். பத்தடி தூரம். முறிந்த காலை இழுத்துக்கொண்டு போய் விரித்துவிட்டு வர எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அப்புறம் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தபடி கிடந்தோம். ஒவ்வொரு வண்டு பறக்கும்போதும் அவள், "சத்தம் கேக்குது பாருங்க" என்பாள்.

அதே நேரத்தில் இங்கே நடந்ததைச் சின்னவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். போலீஸும் தெருக்காரர்களும் ஏரிப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். இவன் அந்தப் பெண் அதிகாரியிடமிருந்து வெறுங்கையோடு வந்து உன்னிடம், "உன்கிட்ட ரெண்டு இருக்குல்ல, ஒரே ஒரு தடவை ஊரைச் சுத்தி விடுண்ணா" என்று கெஞ்சினான். இது விமானத் தள எல்லை, அனுமதி இல்லாமல் ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும் என்றாய். இன்ஸ்பெக்டரே வந்து, "நீங்க பறக்க விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாராம். நீ எழுத்தில் கேட்டாய். அவர் எழுத்தில் கொடுக்கவில்லை. மதியம் ஒன்றேகாலுக்கு நீ விண்ணப்பம் போட்டாய். அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. இதைச் சொல்லும்போதெல்லாம் சின்னவன் உன் பக்கம்தான் பேசுகிறான். "அண்ணன் என்னப்பா பண்ணுவான், அவன் பொழைப்பே அதுலதானே இருக்கு" என்கிறான்.

ஞாயிறு காலை தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. என்னால் திரும்பக் கூப்பிட முடியவில்லை. கல்லைக் கல்லில் தட்டினேன். விசில் போய்விட்டது. அதற்கப்புறம் அம்மா தண்ணீர் கேட்க ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் கேட்பதை நிறுத்திவிட்டு உன்னைப் பற்றிப் பேசினாள். "சின்னவனுக்கு என்னமோ ஆயிடுச்சு, இல்லன்னா வந்திருப்பான். பெரியவன் பர்மிஷன் கேட்டுட்டு இருப்பான். அவன் எதையும் ஒழுங்காத்தான் செய்வான். வந்துடுவான்." கோபமாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள்.

மூன்று இருபதுக்குப் போனாள். முப்பத்திரண்டரை மணி நேரம். அதற்கப்புறம் நீ வரும்வரை அவள் பக்கத்தில் நான் தனியாகக் கிடந்தேன். ஈக்களை விரட்டுவதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் செய்ய முடியவில்லை.

திங்கள் பதினொன்று ஐந்துக்கு உனக்கு அனுமதி வந்தது. பதினொன்று இருபத்துநாலுக்குத் துண்டைக் கண்டுபிடித்தாய். பத்திரிகையில் உன் படம் வந்தது. உன் கம்பெனிப் பக்கத்தில் மேலேயிருந்து எடுத்த படத்தையும் போட்டிருக்கிறாய். பச்சைக்கு நடுவில் மஞ்சள் புள்ளி, கீழே "காணாமல் போனவர்களைப் பத்தொன்பதே நிமிடத்தில் கண்டுபிடித்தோம்" என்ற வாசகம். இப்போதிருக்கும் சுரங்க வேலைகூட அதைப் பார்த்துத்தான் உனக்குக் கிடைத்தது என்று நீயே சொன்னாய். உன் கணக்கைச் சரிபார்த்தேன். பத்தொன்பது நிமிடம் சரிதான். அதைச் சனிக்கிழமை ஒன்றேகாலோடு கூட்டிப் பார். நான் தினமும் கூட்டிப் பார்க்கிறேன். ஒன்று முப்பத்துநாலு வருகிறது. அப்போது அவள் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

இதற்கெல்லாம் உன்னை மன்னிக்க நான் ஏதாவது வழி தேடியிருப்பேன். விதியை நீ போடவில்லை. மண் சரியும் என்று உனக்குத் தெரியாது. ஆனால் அம்மா போன பத்தாம் நாள் நடந்ததற்கு என்ன வழி தேடுவது?

யார் போட்டுக் கொடுத்தது என்று சின்னவன் கேட்டபோது நீ சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். "பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர வேற யாரு இருக்கா" என்றாய். குளியலறை ஜன்னல் பக்கம் பறக்க விடாதே என்று பக்கத்து வீட்டு லேப்காரர் எப்போதோ அவனிடம் சத்தம் போட்டதை நினைவில் வைத்துச் சொன்னாய். அவன் அப்படியே இறங்கிப் போனான். வாசல் கேட்டின் கம்பியால் இரண்டே அடி. இருபது வருஷம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பிழைத்த மனிதருக்கு வலது கண் போய்விட்டது. சத்தம் கேட்டு நீயும்தான் ஓடினாய், நீதான் அவனைப் பிடித்து இழுத்தாய். அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை. மறுவாரம் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாய்.

அவர் கட்டுப்போட்ட கண்ணோடு என்னைப் பார்க்க வந்தார். "நான் எழுதலைங்க, என் பிள்ளைங்க மேல சத்தியமா எழுதலை" என்றார். நான் கதவைச் சாத்தினேன். காகிதத்தைப் பார்த்த மறுநாள் சின்னவன் வெளியே போனதும் வாக்கரை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார். எனக்கு வேண்டியதுதான்.

இருபதாம் தேதி வாய்தா. சின்னவன் மன்னிப்புக் கேட்டால் லேப்காரர் சமாதானத்துக்கு இறங்கி வருவார் போலிருக்கிறது, தண்டனை குறையும் என்கிறார் வக்கீல். இவனோ, எங்க அம்மாவைக் கொன்னவன்கிட்ட மன்னிப்பா, இன்னொரு கண்ணும் போயிருக்கணும்னு கோர்ட்டிலேயே சொல்லுவேன் என்று நிற்கிறான். சொன்னால் ஐந்து வருஷம் உள்ளே போவான்.

நான் அவனிடம் சொல்லிவிடலாம். காகிதம் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் என் வாயால் கேட்டால் அன்றைக்கே அவனுக்கு அண்ணன் இல்லாமல் போய்விடுவான். நீ நேரில் வந்து உட்கார்ந்து சொன்னால் அடிப்பான், உடைப்பான், ஒருவேளை அப்புறம் அழுவான். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம்வரை பொறுப்பேன். அதற்கு மேல் நானே சொல்வேன். சான்றிதழ்ச் சட்டத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வேன். அம்மா எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தாள் என்பதை மட்டும் அவனிடம் நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. அவனுக்கு அது தாங்காது. உனக்குத் தாங்கும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

பதினேழாம் தேதி நீ வருவதாக அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அண்ணன் எதுக்குப்பா அவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்டான். உன் வாய்தாவுக்குத்தான் என்றேன். நேற்றே உன் அறையைப் பெருக்கித் துடைத்து, போர்வையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு அவனே வருகிறானாம். எத்தனை மணி பஸ் என்று மட்டும் தெரியப்படுத்து. அவனைக் காக்க வைக்காதே.

கேட் சத்தம் கேட்கிறது, யாரோ தெரியவில்லை. முடிக்கிறேன். உனக்கு ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும். என்னைவிட, உன் அம்மாவைவிட வெகுகாலம் நீ இருக்க வேண்டும், கடைசிவரை ஞாபகம் மங்காமல்.

இப்படிக்கு,
அப்பா