பிரிசிலாவின் வாசலுக்கு மூன்று தரம்

பலேர்மோ
12.03.1996

அன்பு மகன் டெனிஸ்டனுக்கு, ஆண்டவரின் தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை தொடர்ந்து இருக்கிறது, முழங்கால் நோவுதான் விடுகிறதில்லை. போன ஞாயிறு நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. கூட வேலை செய்கிற றோபேட்டைக் கைநீட்டி அடித்துவிட்டு, "நான் பிறந்ததே இப்பிடித்தான் அம்மா, என்ர குணம் இனி மாறாது" என்றாய். அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன், உனக்குச் சொல்லாமல் மறைத்த ஒன்றையும் சேர்த்து.

நான் வேலை செய்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோரா பழைய சீன நூல்களை இத்தாலியனில் மொழிபெயர்க்கிறவர். தை மாதம் அவருடைய மேசையடியில் கிடந்த தாள்கட்டைக் குப்பையென்று நினைத்து நான்தான் கொண்டுபோய் எறிந்தேன். அது அவருடைய நான்கு மாத எழுத்து. அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, உடுப்பு அயர்ன் பண்ண வருகிற மொரிசியஸ்காரி பிரிசிலாவைத்தான் நினைத்தார், அன்றைக்கே அவளை நிற்பாட்டிவிட்டார். நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொல்ல அப்பாவும், "இது இங்க இருக்கிறதுக்கான பெர்மெசோ புதுப்பிக்கிற நேரமப்பா, வேலைக் கடிதம் இல்லாமல் என்னெண்டு குவெஸ்தூராப் பொலிசுக்குப் போறது, பேசாமல் இரு" என்றார். பதினொரு நாள் பேசாமல் இருந்தேன். பூசையில் நற்கருணை வாங்கவும் கால் எழவில்லை.

பன்னிரண்டாம் நாள் சிஞ்ஞோரா தொலைந்ததை மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். கோப்பி கொண்டுபோன எனக்கு அதில் இருப்பதைத் தானாகவே சொன்னார். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திச் சீனாவில் இரண்டு அறிவாளிகள் மனிதரின் இயல்பைப் பற்றி முரண்பட்டார்களாம். ஒருவர், நன்மை எல்லாருக்குள்ளும் பிறப்பிலேயே முளையாக இருக்கிறது, பராமரிக்காவிட்டால் பட்டுவிடும் என்றாராம். மற்றவர், விட்டபடி விட்டால் மனிதன் தன் ஆசைக்குத்தான் ஓடுவான், வளைந்த மரத்தை ஆவியில் நிமிர்த்துவதுபோலப் படிப்பாலும் ஒழுக்கத்தாலும் நிமிர்த்த வேண்டும் என்றாராம். உனக்கு எது சரியாகப் படுகிறது என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது சிஞ்ஞோரா, ஆனால் இரண்டு பேருமே சும்மா இருக்கச் சொல்லவில்லையே என்றேன். அதைச் சொன்ன கையோடு, தாள்களை எறிந்தது நான்தான் என்பதும் வாயால் வந்துவிட்டது.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, எழுத்துப் போனதை நான் பொறுப்பேன், மற்றதைப் பிரிசிலாதான் பொறுக்க வேண்டும் என்றார். விசாரிக்காமல் அனுப்பியது தன் பிழை என்று அவளுக்குத் தொலைபேசி எடுத்துத் தானும் மன்னிப்புக் கேட்டு, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார். நான் வேலை முடிய கபோச் சந்தைப் பக்கம் நடந்தேன், சந்தைக்குப் பின்னால் அவள் வீடு. முதல் தரம் கதவைச் சாத்தினாள். அடுத்த கிழமை வாசலில் நின்றபடி முழுக்கக் கேட்டுவிட்டு, எனக்கும் பெர்மெசோதானே, அதை யோசித்தாயா என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் தரம், மன்னிக்கவில்லை என்றுதான் சொன்னாள், ஆனால் உள்ளே வந்து இரு என்றாள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வேலைக்கு வருகிறாள். என்னோடு அதிகம் கதைப்பதில்லை. நான் முயற்சியை விடப்போவதில்லை.

மகன், உன் கோபம் பிறவியோ பழக்கமோ, அந்தச் சீனத்து அறிவாளிகளே முடிவு காணாததுக்கு நீ ஏன் தீர்ப்பு எழுதுகிறாய்? ஐம்பத்திரண்டு வயதில் என்னால் முடிந்தது இருபத்தாறில் உன்னால் முடியாதா? றோபேட்டிடம் நேரே போ. காரணம் ஒன்றும் சொல்லாதே, அடித்தது பிழையென்று மட்டும் சொல். கோபம் வருகிறபோது இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விடு, சிரிக்காதே, கலியாணம் கட்டின புதிதில் அப்பா அப்படித்தான் பழகினார்.

ஆண்டவர் உன் கையையும் நாவையும் காத்து ஆசீர்வதிப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. றோபேட் என்ன சொன்னான் என்று, நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுது.

உன்னை ஒவ்வொரு செபத்திலும் நினைக்கும்
அம்மா
புனிதமலர்